ஜாமக்காரனுக்கு ஒரு மேட்னி டிக்கெட்டு

படத்தோட பேரு இங்க வேண்டாம். சொன்னா நீங்களும் போயி பாத்துட்டு, வேதமுத்துதான் பாக்கச் சொன்னாம்பீங்க, அவன் தலையில ஏற்கெனவே ஏறிக் கெடக்கதே போதும். தூத்துக்குடியில ரெண்டரை மணி ஆட்டம், வெள்ளிக்கிழமை. வெளிய வெயிலு மண்டையப் பொளக்கு, உள்ள மீன் வைக்கிற ஐஸ்பெட்டி கணக்கா குளிருது. ஓரத்துச் சீட்டுல ஒருத்தன் மடியில நாப்பது பக்க நோட்ட விரிச்சு, பல்லுக்கு நடுவுல சின்ன டார்ச்சக் கடிச்சுக்கிட்டு, திரையப் பாக்குறதும் கோடு போடுறதுமா இருக்கான்னா அது வேதமுத்துதான். நோட்டுல அஞ்சு கட்டம். கெட்ட வார்த்தை, போதை, ஆபாசம், ரத்தம், அஞ்சாவது இடறல். நாலு கோடு நிமுத்தி, அஞ்சாவத குறுக்க இழுத்தா ஒரு கட்டு. பேரு போட்டு முடியுறதுக்குள்ள போதைக் கட்டத்துல ரெண்டு கட்டு ஆயிப்போச்சு. கதையா? ரெண்டு பயலுக ஒரு ரூம்ல கெடந்து கஞ்சாப் புகையா ஊதுறானுக, ஒரு ரவுடியோட பொட்டலம் தெரியாம இவனுக பையில வந்து விழுது, அதுக்குமேல வெரட்டுறான், வெடிக்குது, பறக்கான், நடுவுல மூச்சு விடுற நேரத்துல எல்லாம் அசிங்கமாப் பேசுறான். வேதமுத்து வாயில எச்சி ஊறி டார்ச்சு வழியா ஆபாசக் கட்டத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு. தொடச்சுக்கிட்டான். பரிசுத்தமான வேலை, பாத்துத்தான் செய்யணும்.

இந்த உத்தியோகம் இவனுக்கு ஏன் வந்துச்சுன்னா, சபையில இவன் ஒருத்தனுக்குத்தான் அசிங்கம் வெளங்கும். மத்தவங்க எல்லாம் தொட்டில்லயே ரட்சிக்கப்பட்ட மாதிரி. இவன் இருபது வருசம் உப்பு லோடு அடிச்ச லாரிக்காரன், மூணாப்புக்கு மேல பள்ளிக்கூடத்துக்கும் இவனுக்கும் ஒட்டு இல்ல. ரட்சிக்கப்படுறதுக்கு முந்தி இவன் வாயத் தொறந்தா டோல்கேட்டுக்காரன் காதப் பொத்திக்கிட்டு கேட்டத் தொறந்துவிடுவான். மொதல்ல பாஸ்டர் ஐயா இந்த வேலைக்கு மூப்பர் தங்கையா சாரத்தான் அனுப்புனாரு, ரிட்டயர்டு வாத்தியாரு. அவரு படத்தப் பாத்துட்டு வந்து, பரவால்ல, வாழைத்தோட்டத்தப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, விவசாயத்த ஒசத்திப் பேசுது, கிறிஸ்மஸுக்கு வாலிபப் பிள்ளைகள ஆடவிடலாம்னுட்டாரு. ஒத்திகை வரைக்கும் போச்சு. அந்தப் பக்கம் சும்மா போன வேதமுத்து பாட்டக் கேட்டான், பாஸ்டர் ஐயா காதுல ரெண்டே வார்த்தை சொன்னான், பாஸ்டர் ஐயா மூஞ்சி பொரிச்ச எறா மாதிரி செவந்துபோச்சு. அன்னைலருந்து இவன்தான் ஜாமக்காரன். ஊரு தூங்கும்போது மதில்மேல நின்னு எதிரி வாறாம்னு கூவுறவன். கூவாம விட்டா, செத்தவன் ரத்தப்பழி கூவாதவன் தலையில. ஞாயித்துக்கிழமை அறிவிப்பு நேரத்துல எந்திரிக்கணும், எண்ணிக்கையச் சொல்லணும், கடைசில ஒரே வார்த்தை, பாக்கலாம், இல்லன்னா பாக்கக்கூடாது. ஆறு வருசத்துல பாக்கலாம்னு சொன்னது ரெண்டே படம், ரெண்டும் நாய் நடிச்சது. அந்த அஞ்சாவது கட்டம் இடறல் இருக்கே, அது ஜாமக்காரனுக்கே உள்ளது. பாத்துக்கிட்டிருக்கையில ஓன் மனசு எத்தன தடவ வழுக்குச்சுன்னு நீயே உண்மையாப் போடணும். ஆறு வருசமா வேதமுத்து அதுல முட்டைதான் போட்டிருக்கான், ஒவ்வொரு முட்டையும் கோழிகூட இவ்வளவு உருண்டையாப் போடாது.

இன்னைக்கு ஆனா கோடு நேரா விழமாட்டேங்கு. காலைல பத்து மணிக்கு வந்த ஒரு போனுதான் காரணம். பாஸ்டர் ஐயா. பிரதர், இந்தப் படம் வாலிபப் பிள்ளைகளக் கெடுக்குது, சும்மா பாக்கக்கூடாதுன்னு சொன்னா பத்தாது, இந்த ஞாயிறு நீங்க உங்க வீட்டுச் சாட்சியச் சொல்லணும், தம்பி கிப்சன எந்தக் குழியிலருந்து ஆண்டவர் தூக்குனாருன்னு சபை கேக்கணும், அப்படின்னாரு. பாஸ்டர் ஐயா, பையன்கிட்ட ஒரு வார்த்தைன்னு இவன் இழுத்தான். ஜெபம் பண்ணுவோம் பிரதர்னு அவரு கண்ண மூடிட்டாரு, போன்லயே தெரியும் கண்ண மூடுனது, கொரல் ஒரு படி எறங்கும். வருகிற ஞாயிறு இந்த அடியான் தன் மகனைக் குறித்துச் சபையிலே சாட்சி சொல்லப்போகிற கிருபைக்காக நன்றி அப்படின்னு சொல்லி, கடைசி வரிய இழுத்து நிறுத்துனாரு. நிறுத்துனா என்ன செய்வாங்க? காலு கல்லுல இடிச்சா ஐயோன்னு வாற மாதிரி வந்துருச்சு, ஆமென். சொல்லி முடிச்ச பெறகுதான் என்னத்தச் சொன்னோம்னே தெரிஞ்சுது. அந்தாக்ல போன வச்சுட்டாரு. கிப்சன் இவனுக்கு ஒத்தப் பிள்ள. இருபத்திமூணு வயசு. ரெண்டு வருசம் கஞ்சா, எட்டு மாசம் மறுவாழ்வு இல்லம், வீட்டுக்கு வந்து பதினோரு நாளு, பேட்டரிக் கடையில வேலைக்குச் சேந்து நாலு நாளு. கடைக்காரரு நம்ம சபைதான், பையன் கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறையில இருந்தாம்னு நெனச்சுக்கிட்டிருக்காரு, சபையில பாஸ்டரத் தவிர எல்லாருக்கும் அந்தக் கோயமுத்தூருதான். வந்த அன்னைக்கு ராச் சோத்துல கைய வச்சுக்கிட்டே சொன்னான், எப்பா, ஒண்ணே ஒண்ணு, என்னப் பத்தி மேடையில சொல்லாதீங்க, சொன்னீங்கன்னா நான் இந்த ஊருல இருக்கமாட்டேன். கோவமில்ல, மெரட்டலில்ல, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்கங்கிற மாதிரிச் சொன்னான். நான் ஏம்லே சொல்லப்போறேம்னான் வேதமுத்து. ரசமும் ஊத்துனான். இப்ப அந்த ஏம்லே ஒரு பக்கம், ஆமென் ஒரு பக்கம். ஆமென்னா என்ன, கைநாட்டா? ஜெபத்துக்குச் சொன்னதா, பாஸ்டருக்குச் சொன்னதா? பாதிதான் காதுல விழுந்துச்சுன்னு சொல்லிரலாமா? விழாத பாதிக்கு எப்படிவே ஆமென் சொன்னீருன்னு கேட்டா? இன்னும் ரெண்டு நாளு கெடக்கு, படம் முடியட்டும், வெளிய போயி மொதக் காரியம் போனப் போட்டு, பாஸ்டர் ஐயா, அது முடியாதுன்னு சொல்லிரணும். முடியாது. சின்ன வார்த்தைதான. லாரி ஓட்டும்போது ஒரு நாளைக்கு நூறு தடவ சொன்ன வார்த்தை, ரட்சிக்கப்பட்டதுலருந்து எங்கயோ கழண்டு விழுந்து போச்சு.

திரையில அந்த ரெண்டு பயலுகள்ல ஒல்லி ஒருத்தன், புகைய இழுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போறான். அங்க கிரைண்டரு ஓடுது, தோசைக்கு மாவு ஆடிக்கிட்டிருக்கு. இவன் நின்னு பாக்கான். பாத்துக்கிட்டே இருக்கான். கண்ணு கலங்குது. மெதுவாப் போயி கிரைண்டரக் கட்டிப் பிடிச்சு, யாருடா ஒன்ன இப்படிச் சுத்தல்ல விட்டது, நாலு மணி நேரமா ஒரே எடத்தையே சுத்துறியே, ஒனக்கு வீடு வாசல் இல்லயான்னு தேம்புறான். தியேட்டரு இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. வேதமுத்து கடிச்ச டார்ச்சு தெறிச்சு மடியில விழுந்துச்சு, அதுக்கப்புறந்தான் அவனுக்கே தெரியுது, நாமளும் சிரிக்கோம்னு. குலுங்கிக் குலுங்கி, கண்ணுல தண்ணி வர. நல்லாத்தான் இருந்துச்சு. எவ்வளவு நாளாச்சு வயித்துலருந்து சிரிச்சு. அந்தச் சிரிப்பு பாதி தொண்டையில இருக்கும்போதே பின்னாலருந்து ஒண்ணு வந்து பிடரியில அடிச்ச மாதிரி இருந்துச்சு, மிக்ஸி. நம்ம வீட்டு மிக்ஸி. ரெண்டு வருசம் இருக்கும், சாயங்காலம், ஜெபக்கனி தேங்கா அரைச்சுக்கிட்டிருக்கா, ஜெபக்கனி இவன் பொண்டாட்டி. கிப்சன் வந்தான், செருப்பக்கூட கழத்தல, கண்ணு செம்பருத்தி மாதிரி. மிக்ஸிகிட்ட நின்னு தலையச் சாச்சு, எம்மா, விட்டுரும்மா, அது அழுவுதும்மான்னான். சொல்லிட்டு அவனே சிரிச்சான். ஜெபக்கனிக்குக்கூட ஒதடு லேசா விரிஞ்சுச்சு, இவன் பாத்தான், அவ புரியாமதான் சிரிக்கப் போனா. வேதமுத்து சிரிக்கல. ஸ்டீரிங் பிடிச்ச கை, இருபது வருசம் பவர் இல்லாத ஸ்டீரிங்க வளைச்ச கை, அது எந்திரிச்சுச்சு. இப்ப அதே கூத்த ஊரான் பிள்ள செஞ்சா சிரிப்பு வருது, டிக்கெட்டு எடுத்து உக்காந்து சிரிக்கோம். நம்ம பிள்ள ஓசியில செஞ்சான். வேதமுத்து டார்ச்சத் தேடி எடுத்தான். எச்சியத் தொடச்சுட்டு அஞ்சாவது கட்டத்துல ஒரு கோடு போட்டான். ஆறு வருசத்துல மொதக் கோடு. முட்டைக்குள்ளருந்து குஞ்சு காலு நீட்டுன மாதிரி தனியா நின்னுச்சு.

இடைவேளை விட்டுச்சு. பக்கத்துச் சீட்டுல ஒரு பையன், தாடி வைக்கப் பாத்து பாதியில நின்னுபோன மூஞ்சி, பாப்கார்ன் டப்பாவ நீட்டிக்கிட்டே, அண்ணாச்சி, பரீட்சை எழுதுதீயளான்னான். ஆமா, அரியருன்னான் வேதமுத்து. எந்தச் சப்ஜெட்டு? அசிங்கம். அதுலயா பெயிலு, மூஞ்சப் பாத்தா கோல்டு மெடலு வாங்குன மாதிரில்லா இருக்கு. ஒங்கிட்டருந்து காப்பியடிச்சேம்லே, அதான் பெயிலு. பையன் சிரிச்சு பாப்கார்ன் மூக்குல ஏறிப்போச்சு. இருமிட்டுக் கேட்டான், சரி, ஹீரோவுக்கு என்ன மார்க்கு? கெட்ட வார்த்தை அறுவத்தேழு, போதை நாப்பத்தொண்ணு, ஆபாசம் எண்ண முடியல, குத்துமதிப்பாப் போட்டிருக்கேன். அடேயப்பா, மாவட்டத்துலயே பஸ்ட்டுல்லா! ஆனா அண்ணாச்சி, அந்தக் கிரைண்டர் சீனுக்கு நீங்க சிரிச்ச சிரிப்புல என் சீட்டே ஆடிப்போச்சு. அது சிரிப்பில்லலே, இருமலு. அப்ப எங்க எல்லாருக்கும் அந்த இருமலுதான் அண்ணாச்சின்னுட்டு அவன் எந்திரிச்சு போனான். வேதமுத்து பையிலருந்து போன வெளிய எடுத்தான். அணைச்சு வச்சிருக்கான், அது ஜாமக்காரன் சட்டம், ஒரு தடவ பாஸ்டர் ஐயா கூப்புட, இவன் எடுக்க, திரையில ஒருத்தி பாடுன பாட்டு அப்படியே பாஸ்டர் ஐயா காதுக்குள்ள போயி, அதுலருந்து வந்த சட்டம். போட்டுப் பாப்போமா? பட்டன்ல வெரல வச்சான். இப்பவே கூப்புட்டு முடியாதுன்னு சொல்லிரலாம். ஆனா போட்டா பாஸ்டர் ஐயா கூப்புடுவாரு, கூப்புட்டா ஜெபம், ஜெபம்னா கடைசியில நிறுத்துவாரு, நிறுத்துனா இந்த வாயி சும்மா இருக்காது. வாய நம்ப முடியல. முடிஞ்ச பெறகு பாப்போம், ரெண்டு நாளு கெடக்கேன்னு திருப்பிப் பைக்குள்ளயே போட்டான். விளக்க அணைச்சாங்க. இருட்டு வந்ததும் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு, அதையும் கணக்குல போடணுமோ என்னமோ.

ரெண்டாம் பாதியில ரத்தக் கட்டம் நெரம்புது. குண்டு, அருவா, ஒருத்தன் காலு தனியாப் போகுது, அதுக்கும் சிரிக்கானுக. வேதமுத்து கை பாட்டுக்குக் கோடு போடுது, மனசு வேற எங்கயோ ஒரு முடிச்சுல மாட்டிக்கிட்டு நிக்குது. ஞாயித்துக்கிழமை எந்திரிச்சா எப்படி ஆரம்பிப்பேன்? நல்லா வரும், அதான் பயம். மைக்கக் கண்டா இவன் நாக்குல எண்ணெ தடவுன மாதிரி. சனத்த மொதல்ல சிரிக்கவச்சு, பொறவு அழவச்சு, கடைசில கை தட்டவச்சு, எம் பிள்ள கண்ணு செம்பருத்தி மாதிரி இருந்துச்சும்பேன், அந்தச் செம்பருத்திக்கே நாலு பேரு கண்ணத் தொடைப்பாங்க, மிக்ஸிக்கு எல்லாரும் சிரிப்பாங்க. சிரிப்பாங்க, அது நிச்சயம். பேட்டரிக் கடைக்காரரும் சிரிப்பாரு, திங்கக்கிழமை காலைல கிப்சன் கடைக்குப் போனா, ஆசிட்டுப் பாட்டில அவன் கைக்கு எட்டாமத் தள்ளி வைப்பாரு. சே, சொல்லமாட்டேன், யாரு சொல்லப்போறது. ஏம்லே சொல்லப்போறேன். இப்படி அவன் சுத்திச் சுத்தி வாற நேரத்துல திரையில அந்த ஒல்லிப்பயலோட அப்பன் வாறான். வெள்ள வேட்டி, தொப்பை, மீச. மகன் தள்ளாடுறதப் பாக்கான், கையச் சொழட்டி விட்டான் ஒரு அறை. கொய்ங்குன்னு ஒரு சத்தம் போடுறானுக ஸ்பீக்கருல, பையன் தலையச் சுத்தி குருவி பறக்கு, அவன் ஒரு பக்கமாச் சாஞ்சு, யாரோ போன் பண்றாங்க, எடுங்கப்பாங்கான். தியேட்டரே எந்திரிச்சு நின்னு சிரிக்குது. பாப்கார்ன் பையன் இவன் தொடையத் தட்டுறான், அண்ணாச்சி, இரும்முங்க அண்ணாச்சி, இரும்முங்க! வேதமுத்துவுக்கு இரும வரல. அந்தச் சத்தம் நெசந்தான். எவனோ அனுபவப்பட்டவன்தான் போட்டிருக்கான். கிப்சனும் அன்னைக்கு அதத்தான் சொன்னான், எப்பா, கொய்ங்குன்னு கேக்குது, நிக்கமாட்டேங்குன்னு. இவன் நடிக்கியாலேன்னான். மூணு நாளுக்கப்புறந்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது, எடது காது ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னாரு, எப்படின்னு கேட்டாரு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாம்னு சொன்னது வேதமுத்து. கிப்சனும் பக்கத்துலதான் நின்னான். இப்பவும் பேசுனா தலையத் திருப்பி வலது பக்கத்தக் காட்டுறான், பஸ்ஸுல இவன் அவனுக்கு எடது பக்கம் உக்காந்துட்டா பேசுறது பாதி போயிரும். மரியாதையில்லாம மூஞ்சத் திருப்புறான் பாருன்னு இவனே ரெண்டு தடவ வஞ்சுருக்கான், மறந்து போயி. மறந்து போயி வஞ்சுருக்கான்.

அப்பன் அறஞ்சதுக்கு எந்தக் கட்டத்துல கோடு? வேதமுத்து நோட்டப் பாத்தான். ரத்தக் கட்டத்துல போட முடியாது, சட்டம் இருக்கு, பாஸ்டர் ஐயா அன்னைக்கே சொல்லிட்டாரு, பெத்தவங்க அடிச்சா அது வன்முறையில்ல பிரதர், சிட்சை, திருத்துறதுக்கு, அதைக் கணக்குல சேக்காதீங்கன்னு. ஆறு வருசமா எத்தன படத்துல எத்தன அப்பன் அடிச்சான், ஒண்ணக்கூட இவன் எண்ணல. ஒரு ரவுடி இன்னொரு ரவுடியக் கிள்ளுனாக்கூட கோடு, அப்பன் பெல்ட்டக் கழத்துனா பேனாவ மூடிருவான். டார்ச்சக் கடிச்சுக்கிட்டு, நாலாவது கட்டத்துல, பேனா காகிதத்துல பள்ளம் விழுற மாதிரி ஒரு கோடு போட்டான். படத்துல அறை ஒண்ணுதான். பேனா நிக்கல. அன்னைக்கு மொத அறை அடுப்பங்கரையில, அது ஒண்ணு. ரெண்டாவது அவன் சுவத்துல மோதி நிமுந்தப்ப. மூணாவது எப்பா வேண்டாம்னு கைய வச்சு மறச்சானே, அந்தக் கை மேலயே. நாலாவது எதுக்குன்னு இப்பவும் தெரியல, அவன் அழுதுக்கிட்டிருந்தான், அழுதவனுக்குத்தான் விழுந்துச்சு. அஞ்சாவது. அஞ்சாவத குறுக்க இழுத்தான், ஒரு கட்டு. ரத்தம் காதுலருந்து வந்துச்சா? வந்துச்சு. தலையணை உறையில ஒரு பொட்டு, ஜெபக்கனி தொவச்சுப் போட்டா. அப்பச் சட்டப்படியே சரிதான், ரத்தக் கட்டந்தான். அதுக்கப்புறம் படத்துல என்னென்னமோ வெடிச்சுச்சு, வேதமுத்து ஒண்ணையும் எண்ணல. மூடுன நோட்டு மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, சபையில உக்காருற மாதிரி உக்காந்திருந்தான். நிப்பேன். ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நிப்பேன், அவனப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன், இந்தக் கையப் பத்திச் சொல்லுவேன். பாஸ்டர் ஐயா என்ன சொல்லுவாருன்னு தெரியும், பிரதர், இது சபைக்குப் பக்திவிருத்தியா இருக்காதேம்பாரு. இருக்காட்டாப் போகட்டும். நெனச்ச ஒடனே நெஞ்சுல ஒரு ஓரத்துல லேசாச்சு, முடியாதுங்கிற வார்த்தை எங்க விழுந்து கெடந்துச்சோ அங்கருந்து கையில தட்டுப்பட்ட மாதிரி.

அஞ்சேகாலுக்கு வெளிய வந்தான். வெயிலு இன்னும் தணியல, அடுத்த ஆட்டத்துக்கு வரிசை தெருவு வரைக்கும் நிக்குது. நிழலு பாத்து ஒதுங்கி, அணைச்சு வச்ச போன ஆன் பண்ணுனான். பாஸ்டர் ஐயாவ மொதல்ல கூப்புடணும், முடியாது, முடியாதுன்னு வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே. போனு உசுரு வந்ததும் கிடுகிடுன்னு ஆடுச்சு. சபை குரூப்புல ஒரு படம், மத்தியானம் ரெண்டு நாப்பதுக்குப் போட்டது, இவன் உள்ள போயி பத்து நிமிசத்துல. எடது பக்கம் அந்த ரெண்டு நடிகப் பயலுக, செவப்புல குறுக்க ஒரு அடி. வலது பக்கம் கிப்சன். மொட்டத் தலையோட, மறுவாழ்வு இல்லத்துல எடுத்த போட்டோ, பாஸ்டர் ஐயா ஜெபத்துக்குன்னு வாங்கி வச்சது. கஞ்சாவின் பிடியிலிருந்து, சகோதரர் வேதமுத்துவின் மகன், ஞாயிறு சிறப்புச் சாட்சி. அதுக்குக் கீழ சபைக்காரங்க போட்டது, ஆமென், ஆமென், ஆமென், வெரல் வலிக்க வலிக்கத் தள்ளுனாலும் முடியல. பேட்டரிக் கடைக்காரரும் ஒண்ணு போட்டிருந்தாரு. ஜெபக்கனிகிட்டருந்து ஒம்பது மிஸ்டு காலு. இவன் கூப்புடுறதுக்குள்ள அவளே லைன்ல வந்துட்டா. எங்க போயித் தொலைஞ்சீங்க? பிள்ள நாலரைக்கே கடையிலருந்து வந்துட்டான், ரெண்டு சட்டைய எடுத்து வச்சான், நான் வாசல்ல குறுக்க நின்னேங்க, கையப் பிடிச்சு ஓரமா நிறுத்திட்டுப் போயிட்டான், நீங்க கேக்கவே மாட்டீங்களா என்னதான்... வச்சுட்டான் வேதமுத்து. கிப்சன் நம்பர அமுக்குனான். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தான். பின்னால பஸ் ஸ்டாண்டு சத்தம், திருநெவேலி திருநெவேலின்னு ஒருத்தன் தொண்டையக் கிழிக்கான்.

"எலேய், எங்கலே இருக்க?"

"இருங்கப்பா, காத மாத்திக்கிடுதேன். ஆங், சொல்லுங்க."

"நான் சொல்லலலே. கிப்சா, சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல. அவரு ஜெபம் பண்ணுனாரு, நான் ஆமென் மட்டுந்தாம்லே சொன்னேன்."

"அது போதும்லாப்பா அவங்களுக்கு."

"நீ எறங்கு. பஸ்ஸ விட்டு எறங்கு மொதல்ல. நான் வாறேன், பத்தே நிமிசம்."

"கடைக்காரரு கணக்கு முடிச்சு அனுப்பிட்டாருப்பா. வையல, ஒண்ணும் பண்ணல. ஜெபம் பண்ணித்தான் அனுப்புனாரு." பஸ்ஸு உறும ஆரம்பிச்சுச்சு, அவன் சத்தத்தக் கூட்டிச் சொன்னான். "நீங்க ஞாயித்துக்கிழமை நில்லுங்கப்பா. நல்லாப் பேசுவீங்க நீங்க."

விசிலு ஊதிட்டான் கண்டக்டரு. கிப்சன் வைக்கல, வேதமுத்துவுக்கு மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. பிள்ள காத்துக்கிட்டிருக்கான். ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு சரியாச் சொன்னா எறங்கிருவான், அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது. இருபது வருசம் ரோட்டுல எவன் என்ன கேட்டாலும் அடுத்த நிமிசம் பதில் சொன்ன வாயி. வேதமுத்து தொறந்தான். நெஞ்சுல அஞ்சும் வரிசையா நின்னுச்சு, அடுப்பங்கரை, சுவரு, கை, அழுகை, தலையணை உறை. அதுல எத மொதல்ல எடுக்கன்னு தெரியாமத் தடவிக்கிட்டிருக்கும்போது, போன வைக்கையில சபைக்காரங்க சொல்லுவாங்களே, அந்த வார்த்தை தானா முந்திக்கிட்டு வெளிய வந்து விழுந்துச்சு.

"ஸ்தோத்திரம்."

அந்தப் பக்கம் வச்சுட்டான்.